எழுதினால் வருகிறது, வாயைத் திறந்தால் வரவில்லை: வேலையிடத்து ஆங்கிலம் பற்றி

வேலைக்குப் போகும் ஒரு பெண் அனுப்பிய கேள்வி இது. ஊர் மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். பள்ளிப்படிப்பு முழுக்கத் தமிழ் வழி. வேதியியல் பட்டம் முடித்து, கும்பகோணத்தை ஒட்டிய ஓர் அரிசி ஏற்றுமதி நிறுவனத்தில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இரண்டு வருடமாக வேலை. மின்னஞ்சல் நன்றாகவே எழுதுகிறார். ஆனால் திங்கட்கிழமை காலை டெல்லி அலுவலகத்தோடு நடக்கும் கூட்டத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. தனக்குத் தெரிந்த பதிலைப் பக்கத்தில் இருப்பவர் சொல்லிவிடுகிறார். "தன்னம்பிக்கை வர எவ்வளவு நாள் ஆகும்? எந்த வகுப்பில் சேரலாம்?" என்று கேட்கிறார்.

தங்கச்சி, நானும் திருவையாற்றில் தமிழ் வழியில் படித்தவள்தான். பதினெட்டு வருடம் ஏற்றுமதி ஆவண வேலை பார்த்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். உங்களுக்கு இப்போதைக்கு வகுப்பு தேவையில்லை என்பதுதான் என் முதல் பதில். மின்னஞ்சலில் காலமும் வினையும் சரியாக வருகிறவருக்கு, பன்னிரண்டு காலங்களை அட்டவணை போட்டு மறுபடி நடத்தும் வகுப்பால் என்ன கிடைக்கும்? உங்களிடம் ஆங்கிலம் இருக்கிறது. அது கையில் இருக்கிறது, வாய்க்கு வரவில்லை. அந்த வேலை வேறு.

ஒன்று கேட்கிறேன், யோசித்துப் பாருங்கள். அந்தக் கூட்டத்தில் டெல்லிக்காரர் மட்டும் இருந்து, நம் ஊர் ஆட்கள் யாருமே இல்லையென்றால் இதே அளவு பயம் இருக்குமா? என்னிடம் வரும் பிள்ளைகளிடம் இதைக் கேட்டால் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு "இருக்காது அக்கா" என்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த வாடிக்கையாளரிடம் தட்டுத்தடுமாறியாவது பேசிவிடுகிறார்கள். பக்கத்து நாற்காலியில் இன்னொரு தமிழர் இருந்தால்தான் வாய் அடைத்துப்போகிறது. தப்பாகச் சொன்னால் அவர் மனதுக்குள் சிரிப்பாரோ, சாப்பாட்டு இடைவேளையில் சொல்லிக் காட்டுவாரோ என்ற பயம். இந்தப் பயத்தை இலக்கணப் புத்தகம் தீர்க்காது.

நம் பகுதியில் இதற்கு வேர் ஆழம். கும்பகோணத்தில் காவிரிக் கரையில் இருக்கும் அரசுக் கல்லூரி 1854இல் தொடங்கியது. தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பெயர் வாங்கியது. தினமும் உங்கள் பேருந்து நீடாமங்கலம், வலங்கைமான் வழியாகத்தான் வரும் இல்லையா? அந்த வலங்கைமானில் 1869இல் பிறந்தவர்தான், ஆங்கிலப் பேச்சுக்காக வெள்ளி நாக்குப் பேச்சாளர் என்று ஆங்கிலேயர்களே புகழ்ந்த ஸ்ரீனிவாச சாஸ்திரி. இதெல்லாம் பெருமைதான். ஆனால் அதோடு சேர்ந்து ஒரு சுமையும் நம் தலையில் ஏறியது. ஆங்கிலம் என்றால் பரீட்சை, வக்கீல், சர்க்கார் உத்தியோகம்; பிழையில்லாமல் பேசினால் மரியாதை, பிழை வந்தால் படிக்காதவன் என்று ஆகிவிட்டது. ஆங்கிலத்தை ஒரு வேலைக் கருவியாக, கதிரரிவாளைப் போலக் கையில் எடுத்துப் பழகும் வாய்ப்பு கிராமத்துப் பிள்ளைகளுக்கு வாய்க்கவே இல்லை.

அதே கல்லூரியில் படித்த ராமானுஜன் உதவித்தொகையை இழந்தார். கணக்கு தவிர மற்ற பாடங்களில், ஆங்கிலம் உட்பட, தேறவில்லை. அவர் 1913இல் கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் ஹார்டிக்கு அனுப்பிய கடிதத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தர், வருடச் சம்பளம் 20 பவுண்டு, பல்கலைக்கழகப் படிப்பு இல்லை, கணக்கில் இன்னது செய்திருக்கிறேன் என்று நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறார். நான் யார், என் கையில் என்ன இருக்கிறது என்ற இரண்டைத்தான் அந்தத் தொடக்கம் சொல்கிறது. உங்கள் திங்கட்கிழமைக் கூட்டமும் அந்த இரண்டைத்தான் கேட்கிறது.

தன்னம்பிக்கை என்பது மொத்தமாக ஒரு நாள் வந்து சேரும் பொருள் என்று நினைத்துக்கொண்டு அதற்காகக் காத்திருக்கிறோம். நான் பார்த்தவரை அது இடத்துக்கு இடம், காரியத்துக்குக் காரியம் தனித்தனியாக வருவது. லாரி டிரைவரிடம் போனில் பேசும் தைரியம் வேறு, கூட்டத்தில் அறிக்கை சொல்லும் தைரியம் வேறு. கப்பல் நிறுவனத்தில் "கன்டெய்னர் எப்போது வரும்" என்று பத்து முறை கேட்டவளுக்கு அந்த ஒரு காரியத்தில் பயம் போய்விடும். விருந்தில் பேச இன்னமும் கூச்சமாகத்தான் இருக்கும். அதில் தப்பே இல்லை. அதனால் "இங்கிலீஷ் பேச வேண்டும்" என்ற பெரிய ஆசையை விட்டுவிட்டு, உங்கள் வேலையில் வாரா வாரம் திரும்பி வரும் ஒரே ஒரு காரியத்தை எடுங்கள். உங்களுக்கு அது, சரக்கில் ஈரம் எவ்வளவு என்று கூட்டத்தில் சொல்லும் ஈரப்பத அறிக்கை.

அதில் உங்களைவிட அறிந்தவர் அந்தக் கூட்டத்தில் யாரும் இல்லை. கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு 17 சதவீத ஈரப்பத வரம்பை வைத்துக்கொண்டு ஐப்பசி மழையில் விவசாயிகள் படும் பாடு உங்கள் வீட்டுக் கதையாகவே இருக்கும். டெல்லியில் இருப்பவருக்கு அது ஒரு எண். நெல்லைக் கையில் அள்ளி, பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தே ஈரம் சொல்லும் ஊர்க்காரி நீங்கள். மாய்ஸ்சர் (ஈரப்பதம்), புரோக்கன் (நொய்), சாம்பிள், லாட் (ஒரு தொகுதிச் சரக்கு), ஃப்யூமிகேஷன் (பூச்சி போகப் புகையூட்டுவது), இன்ஸ்பெக்‌ஷன் எல்லாம் ஏற்கெனவே உங்கள் வாயில் புழங்குகின்றன. இந்தச் சொற்களை வைத்துச் சின்னச் சின்னதாக வாக்கியம் அமைக்க வேண்டியதுதான் பாக்கி.

இந்த வாக்கியம் அமைப்பதில்தான் நம் பிள்ளைகள் சிக்கிக்கொள்கிறார்கள், எனவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். தமிழில் நாம் எப்படிச் சொல்வோம்? "வெள்ளிக்கிழமை வந்த லாட்டில் ஈரப்பதம் கூடுதலாக இருந்ததால், மறுபடி சாம்பிள் எடுத்துப் பார்க்கும் வரைக்கும் அதை நிறுத்தி வைத்திருக்கிறோம்." காரணம் முன்னால் வருகிறது, வினை கடைசியில் வந்து உட்காருகிறது. ஆங்கிலத்தில் யார் என்று சொன்ன கையோடு வினையைச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் தமிழ் வாக்கியத்தை முழுதாக மனதில் வைத்துக்கொண்டு, அதைத் தலைகீழாகப் புரட்டிப் போட முயற்சி செய்கிறீர்கள். அந்த இரண்டு மூன்று நொடிதான் உங்களுக்கு மௌனமாகத் தெரிகிறது, பதற்றமாக மாறுகிறது.

புரட்டாதீர்கள், உடையுங்கள். "வீ ஹெல்ட் ஒன் லாட்." நிறுத்தம். "த மாய்ஸ்சர் வாஸ் ஹை." நிறுத்தம். "வீ வில் டெஸ்ட் அகெய்ன் டுடே." மூன்று வாக்கியம், ஒவ்வொன்றிலும் நான்கைந்து சொல்தான். செய்ததை முதலில் சொல்லுங்கள், காரணத்தை அடுத்துச் சொல்லுங்கள், இனி செய்யப்போவதைக் கடைசியில் சொல்லுங்கள். பிகாஸ், ஆல்தோ, விச் எல்லாம் போட்டு ஒரே வாக்கியமாக ஒட்ட வேண்டிய தேவையே இல்லை. கேட்கிறவருக்கும் இதுதான் வசதி. இன்னொன்று: உங்கள் டெல்லி மேலாளரின் தாய்மொழி இந்தியாக இருந்தால், அந்த மொழியிலும் வினை கடைசியில்தான் வரும். அவரும் இதே வாய்க்காலைத் தாண்டித்தான் அந்தப் பக்கம் போயிருக்கிறார். சில வருடம் முன்னால் தாண்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

பேசும்போதே ஒவ்வொரு சொல்லையும் சரிபார்ப்பது இன்னொரு கண்ணி. மொழி கற்பது பற்றி எழுதிய ஸ்டீபன் கிராஷன் இதற்கு மானிட்டர் என்று பெயர் வைத்தார். உள்ளே ஓர் ஆசிரியர் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார். எழுதும்போது அவருக்கு நேரம் இருக்கிறது, அதனால் உங்கள் மின்னஞ்சல் நன்றாக வருகிறது. பேச்சில் அவர் குறுக்கே வந்தால் பேச்சே நின்றுவிடும். பேசி முடித்த பிறகு அவரைக் கூப்பிடுங்கள். எதைத் திருத்துவது என்பதிலும் வரிசை இருக்கிறது. எண், இல்லை என்று மறுக்கும் "நாட்", நடந்ததா நடக்கப்போகிறதா என்ற காலம், இந்த மூன்றில் பிழை வந்தால் சரக்குக்கே நஷ்டம்; அதனால் இவற்றில் கவனம் வேண்டும். ஏ, ஆன், தி எல்லாம் தமிழில் கிடையாது என்பதால் நமக்குக் கடைசியாகத்தான் படியும். அதற்காக ஒரு நொடிகூடத் தயங்காதீர்கள்.

எண் விஷயத்தில் எனக்கு ஓர் அனுபவம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வாடிக்கையாளர் போனில் பதினைந்து டன் என்றார், நான் ஐம்பது என்று எழுதிக்கொண்டேன். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி. லோடு ஏற்றும் நேரத்தில்தான் தெரிந்தது. அன்றைக்கு எல்லோர் முன்னாலும் வாங்கிய பேச்சுக்குப் பிறகு மூன்று மாதம் நான் போனையே எடுக்கவில்லை. வேறு யாரையாவது எடுக்கச் சொல்வேன். அந்த மூன்று மாதத்தில் பயம் குறையவில்லை, வளர்ந்தது. பிறகு ஒரு மூத்த அண்ணன் சொல்லிக் கொடுத்ததுதான் நான் இன்றுவரை எல்லோருக்கும் சொல்வது: எண்ணைச் சொன்னதும் இலக்கம் இலக்கமாகவும் சொல்லிவிடுங்கள். "ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்." ஈரப்பதம் பதின்மூன்றா முப்பதா, பதினான்கா நாற்பதா என்ற குழப்பமே வராது. எதிரே இருப்பவர் சொன்னாலும் அதேபோல் திருப்பிக் கேளுங்கள்.

உச்சரிப்பு என்றதும் பிள்ளைகள் அமெரிக்கக் காணொளிகளைப் போட்டு நாக்கைச் சுழற்றிப் பார்க்கிறார்கள். வேண்டாம். மன்ரோ, டெர்விங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1995இல் காட்டிய ஒரு விஷயம் எனக்குப் பெரிய ஆறுதல் தந்தது: ஒருவருடைய பேச்சில் பிறமொழி வாடை பலமாக இருந்தும், கேட்கிறவருக்கு முழுதாகப் புரிய முடியும். வாடை வேறு, புரிதல் வேறு. ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்ற மொழியியலாளர் 2000இல், தாய்மொழி ஆங்கிலம் இல்லாத இருவர் பேசிக்கொள்ளும்போது எந்த ஒலிகள் தவறினால் புரியாமல் போகிறது என்று பிரித்துக் காட்டினார். "தி", "திங்க்" போன்ற சொற்களில் நாக்கைப் பல்லிடுக்கில் நீட்டிச் சொல்லும் ஒலி அந்த முக்கியப் பட்டியலில் இல்லை. உயிரொலியின் நீளம் இருக்கிறது. நீளம் நமக்குப் புதிதா என்ன? குறிலும் நெடிலும் ஒன்றாம் வகுப்பிலேயே படித்தவர்கள் நாம். ஷிப்புக்குக் குறில், ஷீப்புக்கு நெடில். ஃபில்லுக்குக் குறில், ஃபீலுக்கு நெடில். அந்தக் காதை அப்படியே பயன்படுத்துங்கள்.

நீங்கள் திருத்த வேண்டியது எனக்குத் தெரிந்து மூன்று இடம். சொல்லின் கடைசியில் உகரம் சேர்ப்பது: லாட்டு, டெஸ்ட்டு, பேக்கு. மெய்யில் நிறுத்திப் பழகுங்கள். அடுத்தது ஃப என்ற ஒலி. மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் ஃபைல் பைல் ஆகிவிடும். மூன்றாவது அழுத்தம். தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் ஓர் அசைதான் தூக்கலாக இருக்கும், கேட்கிறவர் அந்தத் தூக்கலை வைத்துத்தான் சொல்லை அடையாளம் காண்கிறார். கன்டெய்னரில் நடு அசை. 'ஷன்' என்று முடியும் சொல் எதுவாக இருந்தாலும் அதற்கு முந்திய அசையில் அழுத்துங்கள்: ஃப்யூமிகேஷனில் 'கே', குவட்டேஷனில் 'டே', இன்ஸ்பெக்‌ஷனில் 'பெக்'. உங்கள் தொழிலில் பாதிச் சொல் ஷன்தான்.

பயிற்சி எங்கே செய்வது என்பது நம் வீடுகளில் பெரிய கேள்வி. கூடத்தில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் பேசினால் பாட்டியிலிருந்து தம்பி வரை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். என்னிடம் வந்த ஒரு பெண் ஸ்கூட்டரில் பேருந்து நிலையம் வரும் வரை ஹெல்மெட்டுக்குள் பேசிப் பழகினாள். இன்னொரு பையன் வாய்க்கால் கரையில் நடந்துகொண்டே பேசுவான். மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது கணக்கில் சேராது. உதடும் நாக்கும் அசைய வேண்டும், குரல் வெளியே வர வேண்டும். பால் நேஷன் என்ற மொழி ஆசிரியரின் எழுத்துகளில் ஒரு முறை இருக்கிறது, எனக்கு அதுபோல் பலன் கொடுத்தது வேறு இல்லை. ஒரே விஷயத்தை முதலில் நான்கு நிமிடம் பேசுவது, அடுத்து அதையே மூன்று நிமிடத்தில், பிறகு இரண்டே நிமிடத்தில். நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து, அரைத்துப் புழுங்கலரிசி ஆவது எப்படி என்று பேசுங்கள். முதல் முறை சொல் தேடித் தேடி இழுக்கும். மூன்றாவது முறை அதே சொற்கள் தானாக வந்து விழும். விஷயம் மாறவில்லை, சொல்லும் மாறவில்லை, அதனால் மூளைக்கு வேகம் பழக மட்டும் வேலை. வாரத்தில் நான்கு நாள் செய்தால் போதும்.

எழுத்திலிருந்து பேச்சுக்குப் போக நடுவில் ஒரு படி இருக்கிறது: வாட்ஸ்அப் குரல்பதிவு. லாட் விவரத்தைத் தட்டச்சு செய்து அனுப்புகிற இடத்தில், மேலாளருக்கோ சக ஊழியருக்கோ முப்பது நொடி குரல்பதிவாக அனுப்புங்கள். பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி பேசலாம், யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஆனாலும் நிஜ ஆள், நிஜ வேலை. ஒரு மாதம் அனுப்பிய பிறகு முதல் பதிவை எடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, "எஸ் சார்" பற்றி. இதை நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். பெரியவர் பேசும்போது நாம் "ம்", "சரி", "சரிங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்போம். அதற்கு "கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், மேலே சொல்லுங்கள்" என்றுதான் பொருள். அதே பழக்கத்தில் ஆங்கிலத்தில் "எஸ் சார், எஸ் சார்" என்று சொல்லிவிடுகிறோம். எதிரே இருப்பவருக்கு அது "ஒப்புக்கொண்டேன், செய்துவிடுகிறேன்" என்று கேட்கிறது. கூட்டம் முடிந்து இரண்டு நாள் கழித்து "நீங்கள்தானே சரி என்றீர்கள்" என்று வரும். புரியாவிட்டால் திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மை வளர்த்திருக்கிறார்கள். வேலையில் திருப்பிக் கேட்பதுதான் பொறுப்பு. அதற்கான வாக்கியங்களை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்வேன். மற்ற எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். "சாரி, குட் யூ ரிபீட் த லாஸ்ட் பாயின்ட்?" "டூ யூ மீன் த ஃப்ரைடே லாட்?" "லெட் மீ செக் அண்ட் டெல் யூ பை த்ரீ ஓ கிளாக்." கடைசி வாக்கியம் தங்கம். உடனே பதில் சொல்லியாக வேண்டும் என்ற கழுத்துப்பிடியிலிருந்து அது உங்களை விடுவித்துவிடும். மூன்று மணிக்குச் சொல்லிவிட வேண்டும், அது மட்டும் தவறக்கூடாது.

மேலாளரிடமும் ஒன்று கேட்டுப் பாருங்கள்: கூட்டத்தின் முதல் இரண்டு நிமிடத்தைத் தர அறிக்கைக்கு ஒதுக்க முடியுமா என்று. நேரம் ஆக ஆக வாய் திறப்பது கஷ்டமாகும். நாற்பது நிமிடம் மௌனமாக இருந்துவிட்டு நாற்பத்தோராவது நிமிடத்தில் பேசுவது யாருக்குமே பாடுதான். முதலில் பேசிவிட்டால் அப்புறம் குறுக்கே ஒரு கேள்வி வந்தாலும் குரல் பழகியிருக்கும். பக்கத்து நாற்காலி அண்ணனிடமும் தனியாகச் சொல்லுங்கள்: "அண்ணே, நான் திணறினால் பத்து நொடி பொறுத்துக்கோங்க, நானே சொல்லிடுறேன்." அவர் உதவி என்று நினைத்துத்தான் முந்திக்கொள்கிறார். பெரும்பாலும் சந்தோஷமாகவே ஒப்புக்கொள்வார். நீங்கள் பயந்துகொண்டிருந்த ஆளையே இப்படித் துணையாக்கிக்கொள்ளலாம்.

எவ்வளவு நாள் என்று கேட்டீர்கள். ஈரப்பத அறிக்கை என்ற ஒரு காரியத்துக்கு, என் பிள்ளைகளை வைத்துச் சொன்னால், ஏழெட்டுத் திங்கட்கிழமை. நடுவில் ஒரு வாரம் மோசமாகப் போகும், அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வரும் திங்கட்கிழமைக்கு முழு அறிக்கையையும் எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். நடுவில் ஒரு சொல் தவறினால் மொத்தமும் சரிந்துவிடும். முதல் வாக்கியத்தை மட்டும் ஞாயிறு இரவு பத்து முறை சத்தமாகச் சொல்லி வையுங்கள்: "குட் மார்னிங், ஐ வில் ஸ்டார்ட் வித் ஃப்ரைடேஸ் லாட்ஸ்." மற்றவற்றுக்குத் தாளில் லாட் எண், ஈரப்பதம், நொய் சதவீதம், நிறுத்தியதா அனுப்பியதா என்று நான்கு கட்டம் போட்டுக்கொண்டு அதைப் பார்த்துச் சொல்லுங்கள். பேசும்போது எந்தச் சொல் கிடைக்காமல் தடுமாறினீர்களோ, கூட்டம் முடிந்த கையோடு அதைத் தமிழிலேயே அந்தத் தாளின் ஓரத்தில் குறித்து வையுங்கள். அடுத்த வாரம் ஹெல்மெட்டுக்குள் சொல்லிப் பழக வேண்டிய சொல் அதுதான்.